கட்டிலுக்கு அடியில் ஓர் ஆட்டுக்குட்டி

எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் மூன்று அட்டைப்பெட்டிகள் பத்து வருடத்துக்கும் மேலாகக் கிடந்தன. வீடு பெருக்கும்போதெல்லாம் என் மனைவி விளக்குமாற்றால் அவற்றை ஒரு தட்டுத் தட்டி, "ஏங்க, இந்த ஆட்டுக்குட்டிக்கு எப்பங்க விடிவுகாலம்?" என்று கேட்பாள்.

பெட்டிக்குள் இருந்தது நான் எழுதிய சிறுவர் கதைப் புத்தகம். காணாமல் போன ஓர் ஆட்டுக்குட்டியின் கதை. 2008-ல் தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியராக ஓய்வு பெற்று, இரண்டு வருடம் கழித்துக் கைக்காசு போட்டு ஐந்நூறு பிரதி அச்சிட்டேன். முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளோடு இருந்தவனுக்குப் பிள்ளைகளுக்கு எழுதத் தெரியாதா என்ற எண்ணம். கல்யாண வீடுகளில் கொடுத்தேன். பழைய சகாக்களுக்குக் கொடுத்தேன். எல்லோரும் "அருமையான நடை சார்" என்றார்கள். பாராட்டியவர்கள் யாருமே பத்து வயதுக்கு உட்பட்டவர்கள் இல்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

2020-ல் கொரோனா வந்து பள்ளிகளை மூடியபோது, திருச்சியில் இருந்த மகள் தன் பெண்ணை எங்களிடம் கொண்டுவந்து விட்டாள். மூன்றாம் வகுப்பு. ஆங்கில வழிப் பள்ளி. தமிழ் ஒரு பாடம். ஒரு மத்தியானம் பொழுது போகாமல் கட்டிலுக்கு அடியில் ஊர்ந்துபோய் ஒரு புத்தகத்தை உருவிக்கொண்டு வந்தாள். எனக்கு ஒரே சந்தோஷம். "சத்தமாப் படி கண்ணு, தாத்தா கேக்குறேன்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

முதல் வாக்கியம் இது: 'இயற்கை எழில் கொஞ்சும் சிற்றூர் ஒன்றின் எல்லைப்புறத்தே அமைந்திருந்த கண்மாய்க் கரையின்மீது வெள்ளாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன.'

முதல் மூன்று சொல்லைத் தாண்டியதும் நிறுத்திவிட்டாள். "தாத்தா, எழில் யாரைக் கொஞ்சுறா?"

அவள் வகுப்பில் எழில் என்று ஒரு பெண் இருக்கிறாளாம். நான் சிரித்துவிட்டேன். ஆனால் அவள் சிரிக்கவில்லை, உண்மையாகவே கேட்டாள். நியாயமான கேள்விதான். 'இயற்கை எழில் கொஞ்சும்' என்று எழுதியபோது என் கண்முன் எந்தக் கண்மாயும் இல்லை. நூறு கட்டுரைப் போட்டிகளில் திருத்தித் திருத்திக் கைக்குப் பழகிப்போன சொல் அது. தானாக வந்து விழுந்தது.

இரண்டாவது பக்கத்தில்தான் அது நடந்தது. ஒரு வரியின் கடைசியில் இடம் போதாமல் 'ஆட்டுக்குட்' என்று முடிந்து, அடுத்த வரி 'டியை' என்று தொடங்கியிருந்தது. பேத்தி 'ஆட்டுக்குட்' என்று நின்றாள். மூச்சு விட்டாள். பிறகு 'டியை' என்று தனியாகப் படித்தாள். "டியைன்னா என்ன தாத்தா?"

எனக்கு முதுகு சில்லிட்டது. அவள் கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. "போதும், போய் விளையாடு" என்று அனுப்பிவிட்டேன். அவளும் சந்தோஷமாக ஓடினாள்.

1987. நான் அப்போது புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு கிராமத்து ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். ஆடு மேய்க்கிற வீட்டுப் பையன் ஒருவன். மனக்கணக்கில் படுசுட்டி. வாசிப்பு மட்டும் தடுமாற்றம். ஒரு நாள் வகுப்பில் இருந்த கதைப் புத்தகத்தைக் கொடுத்து எழுந்து வாசிக்கச் சொன்னேன். அதில் வரி முடிவில் 'மரங்க' என்று இருந்தது. மீதி 'ளில்' அடுத்த வரியில். அவன் 'மரங்க' என்று நிறுத்தி, எச்சில் விழுங்கி, 'ளில்' என்றான். வகுப்பே கொல்லென்று சிரித்தது. நான் அடிஸ்கேலால் புறங்கையில் ஒன்று வைத்து, "ளில்லுன்னு ஒரு வார்த்தை இருக்காடா?" என்று கேட்டேன். மறுபடியும் சிரிப்பு.

அன்றிலிருந்து அவன் பெயர் 'ளில்' ஆகிவிட்டது. பிள்ளைகள் கூப்பிட்டார்கள் என்றால் போகட்டும். ஒரு நாள் வருகைப் பதிவு எடுக்கும்போது, வகுப்பைச் சிரிக்க வைக்கலாம் என்று நானும் அப்படியே கூப்பிட்டேன். அவனும் "உள்ளேன் ஐயா" என்று எழுந்து நின்றான். ஐந்தாம் வகுப்பை முடிக்கவில்லை. ஆட்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். நான் தேடிப் போகவில்லை.

அவன் தவறாக ஒன்றும் படிக்கவில்லை. கண்ணில் பட்டதைப் படித்தான். தமிழில் வரி முடிவில் சொல்லை உடைக்கும்போது, உடைத்திருக்கிறோம் என்று காட்ட ஒரு சிறு கோடு போடும் வழக்கம்கூடப் பெரும்பாலும் இல்லை. உங்களுக்கும் எனக்கும் அது தொந்தரவே இல்லை. பாதி சொல்லைப் பார்த்ததுமே மீதி மனதில் வந்துவிடும். எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளைக்கு வரி முடிந்தால் சொல் முடிந்தது.

இத்தனைக்கும் இந்த உண்மையை எனக்கு ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். 1991-ல் எங்கள் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வந்தது. ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலம். பெண்கள் கூட்டங்கூட்டமாக சைக்கிள் பழகியது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். நானும் ராத்திரி வகுப்புகளுக்குப் போனேன். அ, ஆ என்று வரிசையாகத் தொடங்காமல், அவர்கள் வாழ்க்கையில் புழங்குகிற சொற்களிலிருந்து எழுத்தைப் பிரித்துச் சொல்லிக்கொடுத்தோம். கல் உடைக்கிற அம்மா ஒருவர் அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் புத்தகத்தைத் திருப்பிக் காட்டி, "ஏன் சார், இந்த வார்த்தை எங்கனதான் முடியுது?" என்று கேட்டார். நான் விரலால் தொட்டுக் காட்டினேன். "அப்ப சேத்துப் போட வேண்டியதுதானே!" என்று அலுத்துக்கொண்டார். பெரியவர்கள் கேட்டுவிடுவார்கள். எட்டு வயதுப் பிள்ளை கேட்காது, அடியை வாங்கிக்கொள்ளும். அந்த அம்மா கேட்ட அன்றைக்குக்கூட எனக்கு அந்தப் பையன் நினைவு வரவில்லை. பேத்தி 'டியை' என்ற பிறகுதான் வந்தது.

2021 நவம்பரில் தொடக்கப் பள்ளிகள் திறந்தன. இரண்டாம் வகுப்பில் அநேகமாக உட்காராத பிள்ளைகள் நேராக மூன்றாம் வகுப்புக்கு வந்து நின்றார்கள். கொஞ்ச நாளில் எங்கள் தெருவில் 'இல்லம் தேடிக் கல்வி' மையம் ஆரம்பித்தது. பக்கத்து வீட்டுப் பெண், பி.எஸ்சி. முடித்தவள், தன் வீட்டுத் திண்ணையில் சாயங்காலம் இருபது பிள்ளைகளை வைத்துச் சொல்லிக்கொடுத்தாள். "அய்யா, நீங்களும் வந்து கதை சொல்லுங்களேன்" என்று கூப்பிட்டாள். என் புத்தகத்தில் பத்துப் பிரதியை எடுத்துக்கொண்டு போனேன். இந்தத் தடவை சொல்லிக்கொடுக்கப் போகவில்லை. எந்த இடத்தில் பிள்ளைகள் நிற்கிறார்கள் என்று பார்க்கத்தான் போனேன். ஒரு பென்சிலும் நாற்பது பக்க நோட்டும் கையில்.

நோட்டு ஒரு வாரத்தில் நிரம்பிவிட்டது.

'மேய்ந்துகொண்டிருந்தன' என்பதை ஒரு பிள்ளைகூட முழுசாகத் தாண்டவில்லை. எண்ணிப் பார்த்தால் பதினோரு எழுத்து. கடைசி எழுத்துக்கு வருவதற்குள் முதல் எழுத்து மறந்துபோகிறது. அதுவும் 'மே' என்பதில் கொம்பு முன்னால் நிற்கிறது, ஒலி பின்னால் வருகிறது. 'கொ' என்றால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் 'க'. நமக்கு ஒரே எழுத்தாகத் தெரிவது பிள்ளைக்கு மூன்று துண்டு. கதையில் ஒரு கௌதாரி வரும். ஒரு பையன் அதை 'கெளதாரி' என்று படித்தான். திருத்த வாயைத் திறந்தவன் மூடிக்கொண்டேன். 'கௌ'வின் பின்னால் இருப்பது பார்வைக்கு 'ள' போலத்தானே இருக்கிறது? அவன் கண் பொய் சொல்லவில்லை.

ஆனால் எல்லாக் கடினமான சொல்லும் பிள்ளைகளுக்குக் கடினம் இல்லை என்பதையும் அங்கேதான் பார்த்தேன். 'தொரட்டி' என்ற சொல் வந்த பக்கத்தில் பேத்தி போலவே இந்தப் பிள்ளைகளில் சிலரும் நின்றார்கள். நீளக் கம்பின் நுனியில் அரிவாளைக் கட்டி ஆட்டுக்குக் குழை பறிப்பது என்று சொன்னதும், அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிச் சிரித்தார்கள். அன்று முழுக்கத் திண்ணையில் தொரட்டிதான். தெரியாத சொல் பிள்ளையைப் பயமுறுத்துவதில்லை. அதற்குப் பின்னால் ஒரு பொருள், ஒரு ஆள், ஒரு வேலை இருந்தால் பிடித்துக்கொள்கிறது. 'எல்லைப்புறத்தே அமைந்திருந்த' என்பதற்குப் பின்னால் என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை, நான்தான் இருக்கிறேன்.

படத்துக்கு வருகிறேன். எனக்குத் தலைகுனிவான விஷயம். கதையில் குட்டி கருப்பு. அச்சகத்தில் கையிருப்பில் இருந்த ஆட்டுப் படத்தைப் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டேன், அது வெள்ளை. பெரியவர்கள் நானூறு பேர் கண்ட புத்தகத்தில் ஒருவரும் சொல்லவில்லை. திண்ணையில் முதல் நாளே, எழுத்தே தெரியாத ஒரு வாண்டு, "இது வேற ஆடு" என்றாள். கதையைக் காதால் கேட்டுக்கொண்டே படத்தைத்தான் அவள் படித்துக்கொண்டிருந்தாள். நாமும் அந்த வயதில் அப்படித்தானே இருந்தோம்? அம்புலிமாமாவில் விக்கிரமாதித்தன் வேதாளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வாளோடு நடக்கிற சங்கரின் படம் இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. வேதாளம் சொன்ன கதைகளில் பாதி மறந்துபோயிற்று. நியூ செஞ்சுரி புத்தக வேனில் வந்த ரஷ்யப் புத்தகங்களும் அப்படித்தான். கனமான தாளில் கரடியும் பனியும். பனியை நாம் எங்கே கண்டோம்? ஆனால் எழுத்தில் கரடி தடுக்கி விழுந்தால் படத்திலும் அந்தக் கரடியே அதே இடத்தில் விழுந்து கிடக்கும்.

கடைசிப் பக்கத்தில் நான் ஒரு நீதி போட்டிருந்தேன், பெரியோர் சொல் கேளாதவர் படும் பாடு பற்றி. அதை ஒரு பிள்ளையும் படிக்கவில்லை. குட்டி கிடைத்ததும் புத்தகத்தை மூடிவிட்டார்கள். "இன்னும் ஒரு பக்கம் இருக்கே" என்றேன். "கதை முடிஞ்சிருச்சு தாத்தா" என்றான் ஒருவன், எனக்குத் தெரியாதோ என்று.

ஒரே ஒரு கேள்வி மட்டும் எல்லோரிடமிருந்தும் வந்தது. குட்டி காணாமல் போனபோது அம்மா ஆடு என்ன செய்தது? நாற்பத்தெட்டுப் பக்கத்தில் நான் அம்மா ஆட்டை எழுதவே இல்லை. சிறுவனின் பொறுப்பின்மையை எழுதினேன், ஊர்ப் பெரியவரின் அறிவுரையை எழுதினேன். தாயை மறந்துபோனேன்.

அன்று ராத்திரி உட்கார்ந்து புதிதாக எழுதினேன். 'கருப்புக் குட்டியைக் காணோம்' என்று ஆரம்பித்தேன். அடுத்த வரி 'ம்மே' என்றது அம்மா ஆடு. பையன் வைக்கோல் போருக்குப் பின்னால் பார்க்கிறான். இல்லை. ம்மே. ஊருணிக் கரையில் பார்க்கிறான். இல்லை. ம்மே. ஒரு பக்கத்துக்கு இரண்டு வரி, மிஞ்சினால் மூன்று. மறுநாள் திண்ணையில் படித்தபோது, இரண்டாவது 'ம்மே' வருவதற்குள் பிள்ளைகள் எனக்கு முன்னால் சொல்லிவிட்டார்கள். எழுத்தே தெரியாத அந்த வாண்டு அடுத்த பக்கத்தைத் திருப்பி, 'ம்மே' இருக்கும் இடத்தில் சரியாக விரலை வைத்தாள். அவளுக்கும் படிக்க ஒரு சொல் கிடைத்துவிட்டது.

இதெல்லாம் நான் கண்டுபிடித்தது இல்லை. எங்கள் மாவட்டத்து இராயவரத்தில் பிறந்து, இந்தியன் வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே பிள்ளைகளுக்குப் பாடிய அழ. வள்ளியப்பாவின் பாட்டுகளை எத்தனை வருடம் வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். உரைநடையில் தடுமாறுகிற பிள்ளைகூடப் பாட்டு என்றால் படித்துவிடும். அப்போது மனப்பாடம் என்று நினைத்தேன். இப்போது 'மலரும் உள்ள'த்தை எடுத்துவைத்துப் பார்த்தால் வேறு ஒன்று தெரிகிறது. பாட்டில் வரி முடிகிற இடத்தில் சொல் முடிகிறது, மூச்சும் முடிகிறது. அடுத்து வரப்போகிற ஒலியை எதுகை முன்கூட்டியே காதில் சொல்லிவிடுகிறது. 'ளில்' என்று ஒரு வரி அதில் தொடங்க வழியே இல்லை. அன்றைக்கு அந்தப் பையனிடம் ஒரு பாட்டைக் கொடுத்திருந்தால்... சரி, விடுங்கள்.

மருமகன் ஒரு தகவல் சொன்னார். இங்கிலாந்தில் பீட்ரிக்ஸ் பாட்டர் என்ற அம்மையார் எழுதிய முயல்குட்டிக் கதை முதலில் 1893-ல் உடம்பு சரியில்லாத ஒரு சிறுவனுக்குப் படம் போட்டு எழுதிய கடிதமாம். பதிப்பாளர்கள் மறுத்ததால் 1901-ல் அவரே சொந்தச் செலவில் 250 பிரதி போட்டாராம். சின்னக் கைக்கு அடங்குகிற சின்னப் புத்தகமாக இருக்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தாராம். மருமகன் எனக்கு ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்குப் பட்டது வேறு. அந்த அம்மாள் ஒரு பிள்ளையைப் பார்த்து எழுதினார். நான் பழைய சகாக்களைப் பார்த்து எழுதினேன்.

எழுதியதை அச்சுக்கு முன்னால் பேத்திக்கு ஒரு மாதிரி செய்து காட்டலாம் என்று வெள்ளைத்தாளை மடித்துக் கையால் எழுதினேன். வீடியோ காலில் காட்டினேன். அவள் முதல் பக்கத்திலேயே நின்றாள். "தாத்தா, இதுல ஒரு எழுத்துக்குத் தும்பிக்கை இருக்கு!" 1978-ல் எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்தது. வகுப்பில் புது 'லை'யைத்தான் கரும்பலகையில் எழுதினேன். தனியாக எழுத உட்கார்ந்தால் கை இன்னமும் பழைய தும்பிக்கை 'லை'யைத்தான் போடுகிறது. 'இல்லை' வருகிற பக்கமெல்லாம் மறுபடி எழுதினேன்.

அச்சகத்தில் இன்னொரு சண்டை. டி.டி.பி. செய்கிற தம்பி நல்ல பையன், ஆனால் அழகுப் பைத்தியம். எழுத்து 20 பாயிண்ட் வேண்டும், எந்தச் சொல்லையும் உடைக்கக் கூடாது, இடம் பத்தாவிட்டால் முழுச் சொல்லையும் அடுத்த வரிக்குத் தள்ளு என்றேன். "வலப்பக்கம் எலி கடிச்ச மாதிரி இருக்கும் சார்" என்றான். கடிக்கட்டும் என்றேன். பதினாறு பக்கம், ஒரே ஃபாரம், நடுவில் இரண்டு பின். படத்துக்கு மையத்துப் பெண்ணின் தம்பியைப் பிடித்தேன். கருப்பு ஆட்டைக் கருப்பாகவே போட்டான். முந்நூறு பிரதி. நீதியை எடுத்துவிட்டேன். கௌதாரியையும் எடுத்துவிட்டேன். தொரட்டி இருக்கிறது.

போன வருடம் ஆவணியில் அச்சகத்திலிருந்து கட்டுகள் வந்தன. ஒரு 'குட்டி யானை' வண்டி வாசலில் நின்றது. ஓட்டி வந்தவர் நாற்பத்தைந்து வயது இருக்கும், காக்கிச் சட்டை, முன்வழுக்கை. கட்டைத் தோளில் தூக்கி உள்ளே கொண்டுவந்து வைத்துவிட்டு, என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சார், நம்மளத் தெரியுதா?"

தெரியவில்லை. முப்பத்தைந்து வருடத்தில் எத்தனை முகங்கள்.

"நான்தான் சார், ளில்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். என்னால் சிரிக்க முடியவில்லை. கேட்க வேண்டியதையெல்லாம் விட்டுவிட்டு, "வாடகை எவ்வளவுப்பா?" என்று கேட்டேன். "விடுங்க சார், அச்சகத்துல வாங்கிக்கிறேன்" என்றார். என் மனைவி மோர் கொண்டுவந்து கொடுத்தாள். நின்றபடியே குடித்தார். ஒரே மகள், நாலாம் வகுப்பு படிக்கிறாளாம்.

கட்டைப் பிரித்து ஒரு புத்தகத்தை எடுத்து அவரிடம் நீட்டினேன். "பாப்பாவுக்குக் குடு" என்றேன். வேறு என்னவோ சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. கையை வேட்டியில்... இல்லை, காக்கிக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். அட்டையில் இருந்த ஆட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "கன்னி ஆடு மாதிரி போட்டுருக்காப்ல" என்றார். பிறகு போய் ஸ்டியரிங்குக்கு முன்னால், கண்ணாடி ஓரமாக, ஆடு மேலே தெரிகிற மாதிரி அதை வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

என் முன்னால் அதைத் திறக்கவில்லை.